செஃபாரியா: யூத உரைமரபின் இணைய நூலகம்

இணையம் வந்தபின் சமய அமைப்புகள் அதைப் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்கே பயன்படுத்தி வருகின்றன: வழிபாட்டை நேரலையில் காட்டுவதற்கும், காணிக்கையும் முன்பதிவும் பெறுவதற்கும். இரண்டும் தேவையானவைதாம்; நடமாட முடியாத முதியவர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே வழிபாட்டில் கலந்துகொள்வது சிறிய நன்மையன்று. ஆயினும், ஒரு சமயம் தன் நூல்களை எவ்வாறு படிக்கிறது, அந்தப் படிப்பை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கையளிக்கிறது என்னும் அடிப்படைப் பணிக்குத் தொழில்நுட்பத்தைத் துணைகொண்ட முயற்சிகள் குறைவாகவே உள்ளன. அவற்றுள் நான் கண்டவரை மிகச் சிறந்தது செஃபாரியா என்னும் யூத இணைய நூலகம். நான் யூத சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். திருவாய்மொழிக்கு ஈடு என்னும் உரையின் காலட்சேபம் கேட்டு வளர்ந்த வைணவக் குடும்பத்தவன். மூலமும் உரையும் பிரியாமல் படிக்கும் பழக்கம் இரு மரபுகளுக்கும் பொது என்பதால் ஏற்பட்ட ஈடுபாட்டில், ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக நெடுநாளாக இத்தளத்தைப் பயன்படுத்தி வருகிறேன்.

செஃபாரியாவை 2011இல் தொடங்கியவர்கள் எழுத்தாளர் ஜோஷுவா ஃபோயரும், முன்பு கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெட் லாக்ஸ்பைசரும் ஆவர். லாப நோக்கமற்ற இந்த அமைப்பு நன்கொடையில் நடக்கிறது. தளத்தில் விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. படிப்பதற்குப் பெயரோ மின்னஞ்சலோ பதிய வேண்டியதும் இல்லை. எபிரேய வேதாகமம், மிஷ்னா என்னும் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு, அதன்மேல் எழுந்த விவாதங்களையும் சேர்த்த பெருநூலான தல்மூத், மித்ராஷ் எனப்படும் விரிவுரைகள், சட்டத் தொகுப்புகள், பிரார்த்தனை நூல்கள், தத்துவ நூல்கள், ஹசிதியம் என்னும் பக்தி இயக்கத்து ஆசான்களின் உபதேசங்கள் என்று மூவாயிரம் ஆண்டுக்கால எழுத்து மரபின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. கணினியிலும் கைப்பேசிச் செயலியிலும் படிக்கலாம். செயலியில் நூல்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்க முடியும்.

இவ்வளவு மட்டும் என்றால் இதை ஒரு நல்ல மின்னூல் தொகுப்பு என்று சொல்லி முடித்துவிடலாம். இத்தளத்தின் தனிச்சிறப்பை அறிய, அச்சிட்ட தல்மூத்தின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும், அதைப் பற்றிப் பின்வந்த ஆசான்கள் நடத்திய விவாதமான கெமாராவும் பக்கத்தின் நடுவில் இருக்கும். அதன் ஒருபுறம், பிரான்சின் துருவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ராஷியின் உரை. மறுபுறம், ராஷியின் பேரர்களும் அவர்கள் வழிவந்த மாணவர்களும் அந்த உரையைக் கேள்விக்கு உட்படுத்தி எழுதிய தோசபோத் என்னும் குறிப்புகள். வெனிஸ் நகரில் 1520 முதல் 1523 வரை டேனியல் பாம்பெர்க் அச்சிட்ட பதிப்பில் நிலைபெற்ற தாள் எண்களைத்தான் 1880களில் வில்னாவில் வெளிவந்த ராம் பதிப்பும் பின்பற்றியது, இன்றுள்ள பதிப்புகளும் பின்பற்றுகின்றன. ஆகவே தல்மூத்தின் முதற் பகுதியான பெராகோத்தைச் சுட்டி ‘பெராகோத் 2அ’ என்று ஒருவர் சொன்னால், நியூயார்க்கில் இருப்பவரும் எருசலேமில் இருப்பவரும் ஒரே இடத்தைத்தான் திறப்பார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு சமூகம் தன் நூலுக்குக் கொடுத்துவந்த இந்த நிலையான முகவரியை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்மேல் தன் கட்டமைப்பை எழுப்பியதே செஃபாரியாவின் வெற்றிக்கு முதற் காரணம் என்று கருதுகிறேன்.

தளத்தின் தேடுபெட்டியில் ஆதியாகமம் 1:1 என்று ஆங்கிலத்தில் இட்டால் எபிரேய மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே வருகின்றன. அந்த வசனத்தைத் தொட்டவுடன் வலப்புறம் ஒரு பலகை திறந்து, அவ்வசனத்தோடு தொடர்புடைய நூல்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறது: உரைகள், தல்மூத், மித்ராஷ், சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே தொடர்புகளின் எண்ணிக்கையும் உண்டு. உரைகளில் ராஷியைத் தேர்ந்தால், அவர் ஒரு வியப்பான கேள்வியோடு தொடங்குவதைக் காணலாம். மோசேயின் ஐந்து நூல்களான தோரா என்பது கட்டளைகளின் நூலாயிற்றே; இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட முதற் கட்டளை யாத்திராகமம் 12:2இல் அல்லவா வருகிறது; அங்கிருந்து தொடங்காமல் உலகப் படைப்பிலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்று ரப்பி (யூத சமய ஆசான்) இசக்கு என்பவர் கேட்டதாக எழுதி, 111ஆம் சங்கீதத்தின் ஆறாம் வசனத்தைக் கொண்டு விடை சொல்கிறார். அந்தச் சங்கீதத்தையும் அங்கிருந்தே திறக்கலாம். அடுத்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜிரோனாவில் வாழ்ந்த ரம்பானைத் திறந்தால், அவர் ராஷியின் கேள்வியையே எடுத்துக்கொண்டு, படைப்பை நம்புவது சமயத்தின் வேராயிற்றே, அதிலிருந்து தொடங்கியதில் கேள்விக்கு என்ன இடம் என்று மறுக்கத் தொடங்குவதைப் படிக்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டு உரைகாரரான இபின் எஸ்ராவோ இந்த வழக்கிற்கே வராமல் சொல்லிலக்கணத்தில் இறங்குகிறார். மூன்று காலத்தவர் ஒரே வசனத்தின்மேல் வாதிடுகிறார்கள். அச்சு நூல்களில் இதைக் காண அலமாரியிலிருந்து பல தொகுதிகளை இறக்க வேண்டும். எதை இறக்க வேண்டும் என்று சொல்லித்தர ஓர் ஆசிரியரும் அருகில் இருக்க வேண்டும்.

தல்மூத் பகுதியின் அமைப்பு இன்னும் நுட்பமானது. பெராகோத்தின் முதற் பக்கத்தை, அதாவது 2அ பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்புத் தாளை ஒன்றாம் தாளாகக் கொண்டதால் தல்மூத்தின் பகுதிகள் இரண்டாம் தாளில்தான் தொடங்கும். மாலையில் ஷெமா என்னும் அன்றாடப் பிரார்த்தனையை எந்த நேரத்திலிருந்து ஓதலாம் என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. ஆலய ஆசாரியர்கள் தங்கள் பங்கான தெரூமாவை உண்ணப் போகும் நேரத்திலிருந்து என்பது விடை. எதுவரை ஓதலாம் என்பதில் மூன்று கருத்துகள்: முதல் சாமம் முடியும்வரை என்கிறார் ரப்பி எலியேசர், நள்ளிரவு வரை என்கிறார்கள் ஏனைய அறிஞர்கள், பொழுது புலரும்வரை என்கிறார் ரப்பான் கமலியேல். விருந்திலிருந்து நேரங்கழித்து வீடு திரும்பிய தம் மக்களிடம், இன்னும் விடியவில்லை என்றால் ஓதியே ஆக வேண்டும் என்று அவர் சொன்ன நிகழ்ச்சியும் உடன் வருகிறது. மூலத்தின் நடை மிகச் சுருக்கமானது. பாதி வாக்கியத்தைப் படிப்பவரே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். இங்குள்ள ஆங்கில மொழிபெயர்ப்பில் மூலத்துக்கு நேரான சொற்கள் தடித்த எழுத்திலும், பொருள் விளங்குவதற்காக இடையே சேர்க்கப்பட்ட விளக்கம் மெல்லிய எழுத்திலும் உள்ளன. நூல் சொல்வது எது, உரைகாரர் சேர்த்தது எது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. சமய நூல்களை வெளியிடும் எவரும் கைக்கொள்ள வேண்டிய நேர்மை இது.

எபிரேயமோ அரமேயமோ கற்கத் தொடங்குபவர்களுக்கு வேறொரு வசதியும் உண்டு. மூலத்தில் ஒரு சொல்லைத் தொட்டால், மார்கஸ் ஜாஸ்ட்ரோவின் அகராதி முதலிய பழைய, நம்பத்தக்க அகராதிகளில் அச்சொல்லுக்கு உள்ள பதிவு பலகையில் வருகிறது. உயிர்க்குறிகளையும் இசைக்குறிகளையும் வேண்டும்போது காட்டவும் வேண்டாதபோது மறைக்கவும் செய்யலாம். எழுத்தின் அளவையும் மாற்றலாம். மூலம் மட்டும், மொழிபெயர்ப்பு மட்டும், இரண்டும் அருகருகே, ஒன்றன்கீழ் ஒன்று என்று பலவாறு அமைத்துக்கொள்ளலாம். கண்பார்வை மங்கியவர்களை நினைத்துச் செய்த தளம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

இங்குள்ள தல்மூத் மொழிபெயர்ப்பின் வரலாறு தனியாகச் சொல்லத் தக்கது. எருசலேமில் பிறந்த ரப்பி அதின் ஸ்டெய்ன்சால்ட்ஸ், தல்மூத் முழுவதையும் இக்கால எபிரேயத்தில் விளக்கி வெளியிடும் பணியை 1965இல் தொடங்கி 2010இல் முடித்தார். அவருடைய விளக்கமும் அதன்வழி வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் விலைகொடுத்து வாங்க வேண்டிய பெருந்தொகுதிகளாகவே இருந்தன. வில்லியம் டேவிட்சன் அறக்கட்டளையின் கொடையால் 2017 முதல் அவை செஃபாரியாவில் இலவசமாக வரத் தொடங்கின. வணிக நோக்கமின்றி எவரும் படியெடுக்கலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு அவை வெளியிடப்பட்டன. அறப்பணிக்குப் பொருள் கொடுப்பவர்கள் கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் கொடுப்பதுபோல ஒரு நூலின் பதிப்புரிமைக்கும் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தளத்தில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும், அது எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது, யார் மொழிபெயர்த்தது, எந்த உரிமத்தில் தரப்படுகிறது என்ற விவரம் பலகையிலேயே இருக்கிறது. மென்பொருளின் மூலநிரலும் நூல்களின் தரவுகளும் வெளிப்படையாகக் கிடைப்பதால், பிறர் அவற்றைக் கொண்டு தத்தம் செயலிகளை உருவாக்கிக்கொள்ள முடிகிறது. ஒரு சிறு தொழுகைக் கூடம் தன் இணையப் பக்கத்தில் ஒரு வசன எண்ணை எழுதினால், செஃபாரியா தரும் சிறு நிரல் அந்த எண்ணைக் கண்டறிந்து, தொட்டவுடன் வசனத்தைக் காட்டும் இணைப்பாக மாற்றிவிடுகிறது.

படிப்பு ஒரு சமூகத்தின் அன்றாட வழக்கமாக இருந்தால்தான் இவ்வளவு வசதியும் பயன்படும். யூதர்களிடம் அந்த வழக்கம் முன்பே இருக்கிறது. 1923இல் போலந்து நாட்டு ரப்பி மேயிர் ஷபிரோ, உலகெங்கும் உள்ள யூதர்கள் நாளுக்கு ஒரு தாள் வீதம் ஒரே தாளைப் படிக்க வேண்டும் என்று வியன்னாவில் கூடிய மாநாட்டில் முன்மொழிந்தார். ‘தாஃப் யோமி’ என்ற அந்தத் திட்டத்தில் பாபிலோனியத் தல்மூத்தை ஒருமுறை முடிக்க 2711 நாட்கள், ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். பதின்மூன்றாம் சுழற்சி முடியும் தறுவாயில், 2020 ஜனவரி 1ஆம் தேதி நியூ ஜெர்சியின் மெட்லைஃப் விளையாட்டரங்கில் ஏறத்தாழ 90,000 பேர் கூடினார்கள். செஃபாரியா இந்த வழக்கத்தின் துணையாக நின்றுகொள்கிறது. அன்றைய தல்மூத் தாள், அந்த வாரத்துக்குரிய தோராப் பகுதி, அதற்குரிய தீர்க்கதரிசிகளின் பகுதி, அன்றைய மிஷ்னா என்று நாட்காட்டியின்படி என்னென்ன படிக்க வேண்டும் என்பதை அதுவே எடுத்து வைக்கிறது. படிப்பவர் தேடி அலைய வேண்டியதில்லை. மரபுவழிச் சமூகங்கள் பலவற்றில் தல்மூத் கல்வி நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அதே 2020 ஜனவரியில், ஹத்ரான் என்னும் அமைப்பு எருசலேமில் நடத்திய தல்மூத் நிறைவு விழாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடினர். அந்த மாற்றத்துக்கு ஆசிரியைகளின் உழைப்பே முதற்காரணம். எனினும், நூல் எவர் கைக்கும் கட்டணமின்றி எட்டும் நிலை அதற்கு உதவியாக அமைந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பயனர்கள் தாங்களே தொகுக்கும் ‘மூலத்தாள்’ வசதியைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியர் தாம் நடத்தப்போகும் பொருளுக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து எடுத்து ஒரே தாளில் அடுக்கி, இடையே கேள்விகளையும் குறிப்புகளையும் எழுதி, மாணவர்களோடு பகிரவோ அச்சிட்டுக் கொடுக்கவோ முடியும். ஒவ்வொரு மேற்கோளிலிருந்தும் முழு நூலுக்குப் போக வழி இருப்பதால், இடஞ்சுட்டாமல் ஒரு வரியை மட்டும் பிய்த்துக் காட்டும் தவறு பெரிதும் குறைகிறது. குறை என்னவென்றால், எவரும் தாள் வெளியிடலாம் என்பதால், பழுத்த ஆசிரியரின் தொகுப்பும் நேற்றுத் தொடங்கியவரின் தொகுப்பும் தேடும்போது ஒன்றாகவே வந்து நிற்கின்றன. தரம் பிரித்தறியும் பொறுப்பு படிப்பவர் தலையில் விழுகிறது.

வேறு குறைகளும் உண்டு. தல்மூத்தை ஆண்டுக்கணக்கில் படித்தவர்களுக்கு ஒரு கருத்து பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூட நினைவில் பதிந்திருக்கும். நடுவே மூலமும் சுற்றிலும் உரையுமாக உள்ள அந்தப் பக்க வடிவம், திரையில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்ட பத்திகளாக மாறும்போது அந்த நினைவுத் துணை அற்றுப்போகிறது. புகழ்பெற்ற வசனங்களைத் தொட்டால் தொடர்புகள் நூற்றுக்கணக்கில் கொட்டுகின்றன. எது முதன்மையானது, எது போகிற போக்கில் வந்த மேற்கோள் என்று புதியவருக்குப் புலப்படாது. தன்னார்வலர்கள் செய்த மொழிபெயர்ப்புகள் ஏற்றத்தாழ்வோடு உள்ளன; பல நூல்களுக்கு மொழிபெயர்ப்பே இல்லை. தளத்தின் முகப்பு மொழிகள் எபிரேயமும் ஆங்கிலமும் மட்டுமே என்பதால், தமிழ் வாசகர் ஆங்கிலத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். ஆயினும் இவற்றுள் எதுவும் தளத்தின் பயனை மறுக்கும் அளவுக்குப் பெரிதன்று. பக்க வடிவம் வேண்டுபவர்கள் அச்சு நூலை அருகில் வைத்துக்கொண்டு படிப்பதே முறை.

அச்சு நூலுக்கு இன்னொரு காரணமும் அவர்களிடம் இருக்கிறது. மரபைப் பின்பற்றும் யூதர்கள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன்பிருந்து சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும்வரை மின்கருவிகளை இயக்குவதில்லை, எழுதுவதும் இல்லை. வாரத்தில் அதிகம் படிக்க ஓய்வு கிடைக்கும் அந்த நாளில் செஃபாரியாவுக்கு அவர்கள் வீட்டில் இடமில்லை. முந்தைய நாளே அச்சிட்டு வைத்த மூலத்தாளும் அலமாரி நூல்களுமே துணை. பத்துப் பேர் கூடினால்தான் நிறைவேறும் பிரார்த்தனைகளுக்கு அந்தப் பத்துப் பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே மரபுவழிப் பிரிவினரின் நிலை. இணையத்தின் தீங்குகளை எச்சரிப்பதற்காக 2012 மே மாதம் நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் மைதானத்தில் ஹரேதி எனப்படும் மிகக் கடுமையாக மரபைப் பின்பற்றும் யூத ஆண்கள் ஏறத்தாழ 40,000 பேர் கூடியதும் இதே சமயத்தின் வரலாறுதான். தொழில்நுட்பத்தை எங்கே ஏற்பது, எங்கே வாசலில் நிறுத்துவது என்பதை இச்சமூகத்தின் ஒவ்வொரு பிரிவும் தன் நெறிநூல்களைக் கொண்டு விவாதித்து முடிவுசெய்கிறது. செஃபாரியாவும் தன்னை ரப்பியின் இடத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு கேள்விக்கு முன்னோர் சொன்ன மாறுபட்ட விடைகளை எடுத்து முன்வைப்பதோடு நின்றுவிடுகிறது. இந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இத்தளத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு திருவாய்மொழியின் உரைகளுக்கே போகிறது. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, அழகிய மணவாளச் சீயரின் பன்னீராயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று ஒரே நூலுக்கு ஐந்து வியாக்கியானங்களை உடையவர்கள் நாம். ஈட்டை நம்பிள்ளை ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் ஒப்படைத்தார் என்றும், அது சிலர் கைவழியாகவே வந்து, பின்னர் மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் ஓராண்டு காலட்சேபம் செய்தபோது எல்லோருக்கும் உரியதாயிற்று என்றும் குருபரம்பரை சொல்லும். இன்று பாசுரங்களும் சில உரைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்து வருகிறது. வைணவ அன்பர்கள் நடத்தும் தளங்களில் எளிய விளக்கங்களும் உள்ளன. ஒரு பாசுரத்தைத் தொட்டவுடன் ஐந்து வியாக்கியானங்களும் அடுத்தடுத்து வந்து நின்று, தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளச் சொல் ஒன்றைத் தொட்டால் பொருள் விளங்கி, ஈட்டில் மேற்கோளாக வரும் உபநிடத வாக்கியமோ இராமாயணச் சுலோகமோ தன் மூலத்தோடு திறக்கும் ஏற்பாட்டை நான் இன்னும் காணவில்லை. பாசுர எண்ணும் பத்து, திருவாய்மொழி என்ற பகுப்பும் நம்மிடம் எப்போதோ நிலைபெற்றுவிட்டன. முகவரி தயாராக இருக்கிறது. செஃபாரியாவின் மூலநிரல் வெளிப்படையாகக் கிடைப்பதால், அதன் அமைப்பைப் பயின்று இந்தப் பணியைத் தொடங்க மனமுள்ள இளைஞர்களும், பிழைதிருத்திக் கொடுக்கும் வித்துவான்களும், செலவை ஏற்கும் ஒரு புரவலரும் வேண்டும். அப்படி ஒரு முயற்சி தொடங்கினால் மெய்ப்புப் பார்க்கும் வேலையை என்னிடம் தரலாம்.

யூத சமயத்தைப் பற்றி முன்னறிவு இல்லாதவர்கள் செஃபாரியாவில் தல்மூத்திலிருந்து தொடங்க வேண்டாம். தமிழ் வேதாகமத்தில் ஏற்கெனவே அறிமுகமான, நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத்தின் சரித்திரத்தை ராஷியின் உரையோடு படிப்பது நல்ல நுழைவாயில். நகோமி தன் மருமகளைத் திரும்பிப் போகச் சொல்லும் உரையாடலில் ஒவ்வொரு தொடருக்கும் ராஷி சொல்லும் பொருளைப் பார்த்தால், இந்த மரபு எப்படிப் படிக்கிறது என்பது கைவந்துவிடும். அடுத்ததாகப் பிர்கே ஆவோத் என்னும் முன்னோர் மொழித் தொகுப்புக்குச் செல்லலாம். தல்மூத்தை நாள்தோறும் படிக்க விரும்புவோர், இப்போது நடக்கும் பதினான்காம் சுழற்சி 2027 ஜூன் 7ஆம் தேதி நிறைவடைந்து, மறுநாள் மீண்டும் பெராகோத் இரண்டாம் தாளில் புதிய சுழற்சி தொடங்கும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.